கடைக்குட்டித் துப்பாக்கிக்கு ஒரு பட்டா

ஆடி முடிந்த மறுநாள் காலையில், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெரிய முடிவை வீட்டுக்கு அறிவித்தேன்.

"அமுதா, குடும்பத்தைப் பெருசு பண்ணலாம்னு இருக்கன். பொங்கலுக்குள்ள இன்னொண்ணு வந்துரணும்."

அடுப்படியில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அமுதவல்லி கையில் கரண்டியோடு என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயசு நாப்பத்தெட்டு ஆவுது. பொண்ணு ஓசூர்ல ஹாஸ்டல்ல இருக்கறா. உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா?"

"நான் துப்பாக்கியச் சொன்னன்."

"நானும் அதத்தான் கேக்கறன்."

என் பெயர் தமிழ்ச்செல்வன். மாரண்டஹள்ளியிலிருந்து காட்டுப் பக்கம் போகிற ரோட்டில், கடைசி கரண்ட் கம்பத்துக்கு அருகில் என் வீடும் தோட்டமும். மூன்று ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஒரு மனைவி, இரண்டு துப்பாக்கி. இதில் என் பேச்சைக் கேட்பவை துப்பாக்கிகள் மட்டும்தான்.

துப்பாக்கி என்றதும் மிரண்டுவிடாதீர்கள். முறைப்படி கலெக்டர் ஆபீசில் லைசென்ஸ் வாங்கியவை. காட்டுப்பன்றி வந்து பயிரை அழிக்கிறது என்று, பயிர்ப் பாதுகாப்புக்காகக் கொடுத்த லைசென்ஸ். பன்றியைச் சுடக் கூடாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்து விரட்டலாம். அதையும் நான் செய்ததில்லை. தோட்டா விற்கிற விலையில் வானத்தோடு எனக்கென்ன பகை? பன்றி விரட்டுவது அமுதவல்லியின் இலாகா. காலி எண்ணெய் டின்னும் ஒரு குச்சியும் எடுத்துக்கொண்டு வரப்பில் நின்று அவள் தட்ட ஆரம்பித்தால், பன்றிகள் கர்நாடகா எல்லையில் போய்த்தான் மூச்சு வாங்கும். அவள் தட்டுகிற நேரத்தில் நான் வாசலில் உட்கார்ந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பேன். பயிர்ப் பாதுகாப்பில் ஆளுக்கொரு பங்கு.

இரண்டும் லீவர் துப்பாக்கி. கைப்பிடிக்கு அடியில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதை அடிபம்பு மாதிரி கீழே தள்ளி மேலே இழுத்தால், காலித் தோட்டா வெளியே விழும், புதுத் தோட்டா உள்ளே ஏறும். அந்தச் சத்தத்துக்கு நான் அடிமை. முதலாவது என் அப்பா வைத்துவிட்டுப் போனது. நாற்பத்து நாலு. குழாயின் துளை அகலத்தை அப்படி நம்பர் போட்டுச் சொல்வார்கள். இரண்டாவது ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்காரர் வயதாகிவிட்டது என்று விற்றது. அது முப்பது. அதே கம்பெனி, அதே மாடல், அதே பழுப்பு மரம், அதே வளையம். துளை மட்டும் சின்னது. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்த அன்றுதான் எனக்குப் பித்துப் பிடித்தது.

அமெரிக்காவில் இதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள் என்று யூடியூபில் பார்த்தேன். ஒரே மாடலில் பெரிய துளை, நடுத் துளை, சின்னத் துளை என்று சுவரில் வரிசையாக மாட்டி, அதைக் குடும்பம் என்கிறார்கள். என்னிடம் பெரியவன் இருந்தான். நடுவன் இருந்தான். கடைக்குட்டி இல்லை. இருபத்திரண்டு. அது இல்லாத வீடு எனக்கு வீடாகவே தெரியவில்லை.

"ஒரே மாதிரி எதுக்குங்க மூணு?" என்றாள் அமுதவல்லி.

"நீ மட்டும் ஒரே மாதிரி ஏழு அண்டா வெச்சிருக்கற?"

"பெரிய அண்டால பெரிய சமையல். சின்ன அண்டால சின்ன சமையல். உங்க பெருசுல இதுவரைக்கும் ஒண்ணும் வேகல. நடுவுல இருக்கறதுலயும் வேகல. சின்னதுல மட்டும் என்ன வேகப் போவுது?"

"இதெல்லாம் ரசனை. உனக்குப் புரியாது."

"எண்ணெ தேச்சு, துணியால தொடச்சு, வெயில்ல காட்டி எடுத்து வெக்கறீங்க. நம்ம பொண்ணு கைக்கொழந்தையா இருக்கறப்ப ஒரு நாளு அவளுக்கு எண்ணெ தேச்சு வுட்டிருப்பீங்களா?"

"அவ ஓயாம அழுவா. இதுங்க அழுவறதில்ல."

இதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாத நேரங்களைக் கண்டு நான் பயந்திருக்க வேண்டும். ஆனால் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அந்தப் பழக்கம்.

எங்களுக்குள் ஓயாத சண்டை என்று ஒன்று உண்டென்றால், அது துப்பாக்கிச் சண்டை அல்ல, தக்காளிச் சண்டை. எனக்குத் தக்காளிதான். என் அப்பா தக்காளி, நான் தக்காளி. விலை ஏறினால் பாலக்கோடு மார்க்கெட்டில் ராஜா மாதிரி நிற்பேன். விலை இறங்கினால் கிரேட்டோடு ரோட்டோரத்தில் கொட்டிவிட்டு, பஸ் ஏறி வந்துவிடுவேன். அமுதவல்லிக்குச் சாமந்தி போட வேண்டும். கிணற்று மேட்டில் சாமந்தி, காட்டோரத்தில் கொஞ்சம் நிலக்கடலை. பல வருஷமாக இதே பாட்டு.

"பத்தொம்பது வருசமா தண்ணி கட்டறன், களை புடுங்கறன், பன்னி வெரட்டறன்," என்பாள். "என்ன நடலாம்னு ஒரு வார்த்த என்னக் கேட்டிருப்பீங்களா?"

அப்போது நான் என் பிரம்மாஸ்திரத்தை எடுப்பேன். "பட்டா யார் பேர்ல இருக்குது?"

அவ்வளவுதான். சண்டை முடிந்துவிடும். அவள் டின்னை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போய்விடுவாள். அன்றைக்குப் பன்றி வந்திருக்காது. ஆனாலும் ரொம்ப நேரம் தட்டிக்கொண்டிருப்பாள்.

இப்படியிருக்கையில் தருமபுரியிலிருந்து நதீம் பாய் போன் செய்தார். மரக்கடை வைத்திருக்கிறார். என்னைப் போலவே பித்துப் பிடித்தவர். அவரிடம்தான் கடைக்குட்டி இருந்தது. பல வருஷமாக நான் கெஞ்சியும் தராதவர், அன்று அவராகவே பேச்சை எடுத்தார்.

"அண்ணா, அந்த இருவத்திரண்ட குடுத்துடலாம்னு இருக்கன்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன். "ஏன் பாய்? என்ன ஆச்சு?"

"வூட்ல சொல்லிட்டாங்க."

"யாரு, வாப்பாவா?"

"வூட்லன்னா வேற யாருங்க. மெஹ்ஜபீன்தான்."

"அதுக்காவ குடுத்துடறதா? ஆம்பளையா லட்சணமா ஒரு முடிவு எடுக்க வேணாமா?"

"எடுத்துட்டேனே. குடுத்துடறதுன்னு."

பிறகு அவர் ஒரு இடியை இறக்கினார். "ஆனா உங்களுக்கு எப்புடிக் குடுக்கறது? உங்க லைசென்ஸ்ல ஏற்கெனவே ரெண்டு இருக்குது. ஒரு ஆளுக்கு ரெண்டுக்கு மேல கூடாதுன்னு சட்டம் வந்து எத்தனையோ வருசம் ஆச்சு. கோயமுத்தூர்ல ஒருத்தர் கேட்டுட்டு இருக்கறாரு. உங்களுக்காவ பொங்கல் வரைக்கும் வெச்சிருக்கன். அதுக்குள்ள ஏதாச்சும் வழி பாருங்க."

அன்று முழுக்க யோசித்தேன். ஆளுக்கு இரண்டு. வீட்டில் ஆள் எத்தனை? இரண்டு. இரண்டும் இரண்டும் நாலு. அமுதவல்லி பெயரில் ஒரு லைசென்ஸ் வாங்கிவிட்டால் கடைக்குட்டிக்கும் இடம் கிடைக்கும், அதற்குப் பிறகு இன்னொன்று கிடைத்தால் அதற்கும் இடம் இருக்கும். பெண்டாட்டி பெயர்தான் அவளுடையது, துப்பாக்கி நம்முடையது. என் மூளையை நானே தட்டிக்கொடுத்தேன்.

சாயங்காலம், யாரும் சொல்லாமலே பாத்திரம் விளக்கினேன். அமுதவல்லி வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வேணும்னு சொல்லிடுங்க. கரி போவாம தேய்க்கறீங்க, மறுபடி நான்தான் தேய்க்கணும்."

"அமுதா, உன் பாதுகாப்புக்கு ஒரு துப்பாக்கி லைசென்ஸ் எடுக்கலாம்னு பாக்கறன்."

"யார்கிட்ட இருந்து பாதுகாப்பு?"

"பன்னிகிட்ட இருந்து."

"பன்னிதான் என்கிட்ட இருந்து பாதுகாப்பு கேக்குது."

"பயிருக்கு ஆவுமில்ல. பயிர்ப் பாதுகாப்பு. நம்ம பொம்பளைங்களும் முன்னேறணும்."

"அந்தச் சின்னதுக்குத்தான?"

பாத்திரம் கையிலிருந்து வழுக்கியது. "எந்தச் சின்னது?"

"மெஹ்ஜபீன் மதியமே போன் பண்ணிட்டாங்க. 'எங்க வூட்டுச் சனியன் உங்க வூட்டுக்கு வருது, ஜாக்கிரத'ன்னாங்க."

நான் குனிந்து பாத்திரத்தை எடுத்தேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு தோட்டத்தைப் பார்த்தாள். கிணற்று மேட்டைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

"சரிங்க. எடுத்துக்கலாம்," என்றாள்.

ஒரு சண்டை இல்லை, ஒரு கேள்வி இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி ஒரு மனைவி கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ என்று தீர்த்தமலை இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டேன்.

விண்ணப்பம் கொடுப்பவரே நேரில் வந்து விசாரித்தால் நல்லது என்று நதீம் பாய் சொல்லியிருந்தார். எனக்குத் தக்காளி அறுவடை. "நீயே போயி வெவரமா கேட்டுட்டு வா," என்று அவளைத் தருமபுரிக்கு பஸ் ஏற்றிவிட்டேன். கலெக்டர் ஆபீசில் எல்லா விவரமும் கேட்டுக்கொண்டு வந்தாள். அதில் பாதியை என்னிடம் சொன்னாள். மீதிப் பாதி ஒன்று இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"பயிர்ப் பாதுகாப்புன்னா, பயிர் வெக்கற நெலம் என் பேர்ல இருக்கணுமாம்," என்றாள்.

"அவ்வளவுதான? மேக்கால அந்தப் பாறத் துண்டு இருக்குதே, இருவது சென்ட்டு. அத உன் பேருக்கு எழுதிடறன்."

"எழுதுங்க. பாறைல பன்னி என்னத்தத் திங்கும்னு ஆபீசரு கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க."

நியாயமான கேள்வி. யோசித்தேன். "சரி, காட்டோரத்துல அரை ஏக்கர்."

"அதுக்கு சர்வேயர் வந்து அளந்து, தனியா நம்பர் பிரிக்கணுமாம். மூணு ஏக்கரும் ஒரே நம்பராச்சுங்களே. வி.ஏ.ஓ. ஆபீசுல கேட்டன். சர்வேயருக்கு நமக்கு முன்னாடி நெறைய பேரு நிக்கறாங்களாம். பொங்கலுக்கு அப்புறந்தான் நம்ம மொறை."

"பொங்கலுக்கு அப்புறமா? அதுக்குள்ள கோயமுத்தூர்காரன் தூக்கிட்டுப் போயிருவானே."

"அதான் பாவமா இருக்குது."

"வேற வழியே இல்லியா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இருக்குதாம். மொத்த நம்பரையும் அப்புடியே எழுதிட்டா பிரிக்கற வேலையே இல்லியாம். பட்டா சீக்கிரமா மாறிடுமாம். ஆனா அது உங்க சொத்து. எனக்கெதுக்குங்க."

அந்த "எனக்கெதுக்குங்க" இருக்கிறதே, அதுதான் என்னை வீழ்த்தியது. ஆசைப்படுகிறவளாக இருந்தால் உஷாராகியிருப்பேன். இவளோ வேண்டாம் என்கிறாள். நான்தான் வற்புறுத்தினேன். காகிதத்தில் பெயர் மாறினால் கிணறு எழுந்து நடந்து போய்விடுமா என்று அவளுக்கே தைரியம் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, என் மனம் நோகக் கூடாதே என்று ஒத்துக்கொண்டாள்.

பத்திரம் பதிகிற இடத்தில் சார்பதிவாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாரும் கட்டாயப்படுத்தலியே? சுய நினைவோடதான எழுதித் தர்றீங்க?"

"முழு நினைவோடங்க," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. அமுதவல்லி தரையைப் பார்த்துக்கொண்டு அடக்கமாக நின்றாள். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தாள். அவள் காசில் நான் குடித்த முதல் சோடா. இனித்தது.

பட்டா மாறிய வாரமே கிணற்று மேட்டில் தக்காளிச் செடியைப் பிடுங்க ஆள் வந்தது. நான் பதறி ஓடினேன்.

"யாரக் கேட்டு செடியப் புடுங்கறீங்க?"

ஆட்கள் அமுதவல்லியைப் பார்த்தார்கள். அவள் டின்னைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். "பட்டா யார் பேர்ல இருக்குதுங்க?"

சாமந்தி நட்டாள். காட்டோரத்தில் அரை ஏக்கர் நிலக்கடலை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். தக்காளி போனால் போகட்டும், கடைக்குட்டி வருகிறதே.

நடுவில் அவளைத் துப்பாக்கிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். புதிதாக லைசென்ஸ் கேட்பவர்கள் எல்லோரும் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். என் காலத்தில் அதெல்லாம் இல்லை. சான்றிதழோடு வந்தவள், வாசலில் நான் பெரியவனை மடியில் போட்டு எண்ணெய் தடவுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"குழா வாயி எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்குது?"

"அடுப்படிப் பக்கம்."

"அடுப்படில யாரு இருப்பா?"

"நீ."

"திருப்புங்க. தோட்டா தனியா, துப்பாக்கி தனியா பூட்டி வெக்கணும். நீங்க ரெண்டையும் ஒரே பீரோவுல, அதுவும் வேட்டிக்கு அடியில வெச்சிருக்கறீங்க. துப்பாக்கி வெச்சிருக்கற லட்சணமா இது?"

பத்து வருஷமாகத் துப்பாக்கியோடு குடித்தனம் நடத்தும் என்னை, ஒரே ஒரு வகுப்புக்குப் போனவள் அதட்டினாள். நானும் திருப்பி வைத்தேன். பயத்தினால் அல்ல. அவள் சொன்னது சரியாக இருந்தது, அதுதான் கஷ்டம்.

கார்த்திகையில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மாது விசாரணைக்கு வந்தார். நல்ல மனிதர். அதிர்ந்து பேசாதவர். அமுதவல்லி மிக்சரும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நெலம் உங்க பேர்லதானுங்களா அம்மா?"

"ஆமாங்க சார். பட்டா இந்தாங்க."

"என்ன பயிருங்க?"

"காட்டோரமா நெலக்கடல சார். பன்னி அதத்தான் தோண்டுது. வாங்க, காட்டறன்." கூட்டிக்கொண்டு போய், பன்றி கிளறிப் போட்டிருந்த இடத்தைக் காட்டினாள். செல்போனில் எடுத்து வைத்திருந்த படங்களையும் காட்டினாள். தேதி வாரியாக இருந்தன. எனக்கே அவ்வளவு சேதம் என்று தெரியாது.

"திருப்தியா இருக்குதுங்கம்மா," என்று எழுதிக்கொண்டார் மாது. பிறகு இன்னொரு காகிதக் கட்டை எடுத்தார். "அப்புறம் சார், உங்க லைசென்ஸும் இந்த மாசத்தோட முடியுது. புதுப்பிக்கறதுக்குக் குடுத்திருக்கறீங்க. அதையும் ஒரே நடையா முடிச்சிடலாம். உங்களுக்கு எது நெலம்?"

வாய்க்குக் கொண்டுபோன மிக்சரைத் தட்டிலேயே வைத்தேன்.

"இதேதாங்க."

"இது அம்மா பேர்ல இருக்குதுங்களே. உங்க பேர்ல எங்க இருக்குது?"

"நாங்க ஒரே குடும்பங்க."

"லைசென்ஸு குடும்பத்துக்குக் குடுக்கறதில்லீங்க. ஆளுக்குத்தான். பயிர்ப் பாதுகாப்புன்னு வாங்கிட்டு, பயிரே உங்களுது இல்லன்னா நான் என்னன்னு எழுதறது?"

அமுதவல்லியைப் பார்த்தேன். அவள் டீ டம்ளரில் ஆடை படிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற காரணம் போட்டுக்கலாங்களா?" என்றேன். "உயிருக்கு ஆபத்துன்னு?"

"போடலாமே. யாரால ஆபத்துன்னு சொல்லணும்."

மறுபடியும் அமுதவல்லியைப் பார்த்தேன். அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் மிக்சர் வைத்தாள்.

"யாராலயும் இல்லீங்க," என்றேன்.

அவரை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்தேன். நான் மெதுவாகக் கேட்டேன். "உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"கலெக்டர் ஆபீசுல மொத நாளே சொன்னாங்களே. நெலம் யாருதோ அவங்களுக்குத்தான்னு."

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க கேக்கலியே. சின்னதுக்கு என்ன வழின்னு கேட்டீங்க. சொன்னன். பெருசுக்கு என்ன ஆவும்னு கேக்கவே இல்லியே."

என் லைசென்ஸ் புதுப்பிக்கப்படவில்லை. அவள் லைசென்ஸ் வந்தது. பெரியவனையும் நடுவனையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரர் கரும்பா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். வெளியே வந்து மரத்தடியில் கொஞ்ச நேரம் அழுதேன். உண்மையாகவே அழுதேன். என் அப்பா போனபோதுகூட அத்தனை பேர் பார்க்க அழுததில்லை.

குறிப்பிட்ட காலத்துக்குள் லைசென்ஸ் உள்ள வேறு யாருக்காவது மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் போனது போனதுதான் என்றார்கள். லைசென்ஸில் இடம் காலியாக உள்ள ஆளுக்கு நான் எங்கே போவேன்? நதீம் பாயைக் கேட்டேன். "என் சின்னதே போவுதுங்கறன், உங்க பெருச வாங்கி நான் எங்க படுக்கறது?" என்றார்.

இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் சாப்பிட்டேன், கருவாட்டுக் குழம்பு. பரிமாறிக்கொண்டே அமுதவல்லி பேச்சை எடுத்தாள்.

"எனக்கு ரெண்டு எடம் காலியா இருக்குதுங்க."

"அது கடைக்குட்டிக்கு வெச்சிருக்கற எடம்."

"கடைக்குட்டிய வாங்கினா பெரியவனோ நடுவனோ ஒண்ணு போயிரும். பெரியவனையும் நடுவனையும் வெச்சுக்கிட்டா கடைக்குட்டி போயிரும். உங்க அப்பா வெச்சுட்டுப் போனது. நீங்க ஆசையா வாங்கினது. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. நான் உங்க பேச்ச மீறி எதுவும் பண்ண மாட்டன்."

என் பேச்சை மீறாமல் எல்லாம் நடந்தது. பெரியவனும் நடுவனும் அமுதவல்லி பெயருக்கு மாறினார்கள். கடைக்குட்டி பொங்கலுக்கு மறுநாள் கோயமுத்தூர் போய்விட்டது. குடும்பத்தைப் பெரிதாக்கப் போனவன் கணக்குப் பார்த்தேன். வீட்டில் அதே இரண்டு துப்பாக்கி. அதே மூன்று ஏக்கர். அதே கிணறு. எதிலும் என் பெயர் இல்லை.

சாமந்தி நன்றாகப் பூத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தை முழுக்க விடிந்ததும் மூட்டை மூட்டையாகப் போனது. அமுதவல்லி முகத்தில் நான் பார்த்தே இராத ஒரு களை வந்துவிட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பெரியவனைத் துடைக்க எடுத்தபோது அவள் தடுத்துவிட்டாள்.

"தொடாதீங்க. லைசென்ஸ் என் பேர்ல இருக்குது. நீங்க வெச்சிருந்தா கேஸாயிடும்."

"தொடச்சு வெக்கறதுக்குக்கூடவா?"

"அடுத்தவங்க துப்பாக்கிய வெச்சிருக்கறது குத்தம்னு கிளாஸ்ல சொன்னாங்க. நான் உங்கள ஜெயில்ல பாக்க வர முடியுங்களா? பூ வேல கெடக்குது."

ஒரு வாரம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரியவன் மேல் தூசி படிவது தெரிந்தது. சோறு இறங்கவில்லை. அமுதவல்லி பார்த்தாள். என்ன இருந்தாலும் இளகின மனசு. அவளே விசாரித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். லைசென்ஸ்காரருக்குப் பதிலாகத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துப் போகவும், அவரிடம் வேலை செய்யும் ஓர் ஆளின் பெயரை லைசென்ஸில் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறதாம். என் பெயரைச் சேர்த்துவிடலாம் என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

இருவரும் தருமபுரிக்குப் போனோம். அவளுக்கு நாற்காலி போட்டார்கள். நான் பின்னால் நின்றேன். கிளார்க் என் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவளிடம் கேட்டார்.

"இவரு உங்க தோட்டத்து ஆளுங்களா?"

"ஆமாங்க சார்."

"எத்தன வருசமா உங்ககிட்ட வேல செய்யறாரு?"

அமுதவல்லி திரும்பி, என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை நிதானமாகப் பார்த்தாள்.

"கூட இருக்கறது பத்தொம்பது வருசமாங்க," என்றாள். "வேல இனிமேத்தான் செய்யணும்."